முட்டையில்லாத கேக்கும் அமுச்சியின் கச்சாயமும்

புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கம் வீட்டுச் சட்டிகளில் கவிச்சி ஏறாது. நாமக்கல்லில் முட்டை விலையும் அந்த மாதம் பெரும்பாலும் இறங்கித்தான் நிற்கும். திருச்செங்கோட்டில் குடியிருக்கும் எனக்கு இரண்டுமே கண்ணெதிரே நடப்பவை. முட்டை அட்டைகளை அடுக்கிய வண்டிகள் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும்; வீட்டுக்குள் ஒரு முட்டை வராது. இதில் வம்பு என்னவென்றால், என் மகளின் பிறந்தநாளும் புரட்டாசியில்தான் வருகிறது.

மூன்று வருடம் முன்பு ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, நாலு முட்டை போட்டு அடிக்கும் ஸ்பாஞ்ச் கேக் செய்முறை ஒன்றை எடுத்துக்கொண்டேன். ‘ஒரு முட்டைக்கு அரை வாழைப்பழம்’ என்று எங்கோ படித்த கணக்கை நம்பி இரண்டு பழத்தைப் பிசைந்து சேர்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஓவனைத் திறந்தால் ஓரம் கருகியிருந்தது, நடுவில் களி. கத்தியை விட்டால் மாவு ஒட்டிக்கொண்டே வந்தது. என் அமுச்சி (எங்கள் பக்கம் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு துண்டைப் பிட்டு விரலில் உருட்டிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, கச்சாய மாவ எதுக்குப் பொட்டிக்குள்ள வெச்சுச் சுட்டே? எண்ணெயில ஊத்தியிருந்தா இந்நேரம் வெந்திருக்குமல்லோ?”

“இது கேக்குங்க அமுச்சி.”

“அப்புடியா சாமி” என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அமுச்சி சொன்னதில்தான் முழுப் பாடமும் இருந்தது. கச்சாயம் எப்படிச் செய்கிறோம்? பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, சில வீடுகளில் கனிந்த வாழைப்பழமும் பிசைந்து, கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றுகிறோம். முட்டை கிடையாது. ஆனாலும் உதிராமல், உள்ளே மெத்தென்று வருகிறது. காரணம், அது சின்னது. சுற்றிலும் காய்ந்த எண்ணெய் இருப்பதால் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. உயர்ந்து நிற்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. கேக் அப்படியில்லை. டின்னுக்குள் இரண்டு அங்குலம் எழும்ப வேண்டும், எழும்பியபின் சரியாமல் நிற்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் நாலு முட்டை போட்டிருந்தார்கள். நான் அந்த வேலையை வாழைப்பழத்தின் தலையில் கட்டினேன்.

தேங்காய் போட வரும் ஆள் வரவில்லை என்றால், களையெடுக்க வந்தவரை மரம் ஏறச் சொல்வோமா? முட்டைக்கு மாற்றுத் தேடுவதும் அதே கதைதான். முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தப் பலகாரத்தில் முட்டை என்ன வேலைக்கு வந்திருக்கிறது?’ என்பதுதான். அது தெரிந்துவிட்டால் மாற்று பெரும்பாலும் நம் அடுப்படியிலேயே இருக்கும்.

ஓட்டை உடைத்துப் பார்த்தால்

நடுத்தர அளவு முட்டை ஒன்றை உடைத்தால் ஓடு போக ஏறக்குறைய 50 கிராம் தேறும். அதில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். மிச்சத்தில் 6 கிராம் அளவுக்குப் புரதம், 5 கிராம் அளவுக்குக் கொழுப்பு. கொழுப்பு முழுவதும் மஞ்சள் கருவில்தான். வெள்ளைக் கரு என்பது தண்ணீரும் புரதமும் கலந்த வழவழப்பு, அவ்வளவுதான்.

இந்தப் புரதம் செய்யும் வேலையைப் பார்க்கக் கேக் செய்ய வேண்டியதில்லை, தோசைக்கல்லே போதும். முட்டையை உடைத்து ஊற்றியதும் வெள்ளைக் கரு கண்ணாடி மாதிரி இருக்கிறது. அரை நிமிடத்தில் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்து நடுவரை இறுகிவிடுகிறது. பச்சை முட்டையில் புரதம் சின்னச் சின்ன நூல்கண்டுகளாகச் சுருண்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கண்டுகள் பிரிகின்றன. பிரிந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. மஞ்சள் கரு இன்னும் கொஞ்சம் சூடேறி, 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகும். ஒருமுறை சிக்கிய நூலை மறுபடி கண்டாகச் சுற்ற முடியாது. அவித்த முட்டையைப் பச்சை முட்டையாக்கவும் முடியாது. கேக்கின் சுவர் நிற்பது பாதி இந்த வலையால்தான்.

இரண்டாவது வேலை, காற்றைப் பிடிப்பது. வெள்ளைக் கருவை மட்டும் பிரித்து அடித்தால் ஆறேழு மடங்கு வரை நுரைத்து எழும்பும். அந்த நுரைக்குமிழிகள் ஓவனுக்குள் விரிய, புரத வலை அப்படியே இறுகிப் போக, ஸ்பாஞ்ச் கேக் பிறக்கிறது. சோடாவே போடாத ஸ்பாஞ்சும் இப்படித்தான் உப்புகிறது.

மூன்றாவது வேலை மஞ்சள் கருவுடையது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது பழமொழி அளவுக்குத் தெரிந்த சங்கதி. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் இரண்டு பக்கமும் கை நீட்டும் தரகர். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். மாவு திரியாமல் வழுவழுப்பாக வருவதும் மயோனைஸ் கெட்டியாக நிற்பதும் இதனால்தான். போக, ஈரம் தருவது, பன்னின் மேல் பளபளப்பு தருவது, லேசான மஞ்சள் நிறம், அந்த வாசம் எல்லாம் உண்டு. இவற்றுக்கு மாற்று சுலபம், பிறகு பார்க்கலாம்.

எத்தனை முட்டை என்று முதலில் பாருங்கள்

செய்முறையில் ஒரு முட்டைதான் இருக்கிறது, மாவு ஒன்றரைக் கப் என்றால், அது பெரும்பாலும் ஈரத்துக்கும் ஒட்டுவதற்கும் வந்த முட்டை. பயப்படாமல் மாற்றலாம். இரண்டு முட்டை என்றாலும் கொஞ்சம் கவனத்தோடு மாற்றிவிடலாம். மூன்றுக்கு மேல் போய், ‘வெள்ளைக் கருவைத் தனியாக அடிக்கவும்’ என்றும் எழுதியிருந்தால், அந்தச் செய்முறையை மூடி வைத்துவிடுங்கள். அங்கே முட்டைதான் கட்டிடம். அதை இழுத்துப் பிடித்து மாற்றுவதைவிட, முதலிலிருந்தே முட்டை இல்லாமல் எழுதப்பட்ட செய்முறையை எடுப்பது நல்லது. நான் நாலு முட்டை ஸ்பாஞ்சில் கைவைத்ததுதான் முதல் தப்பு.

தயிரும் ஆப்ப சோடாவும்

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது தயிர்க் கேக்தான். தயிரில் புளிப்பு இருக்கிறது. ஆப்ப சோடா அதற்கு எதிரான காரத்தன்மை கொண்டது, மிளகாய்க் காரமில்லை. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். ஒரு கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தயிர் எடுத்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் கலக்கிப் பாருங்கள். சில நொடிகளில் பொத்துப் பொத்தாகக் குமிழி வந்து தயிர் உப்பும், காதை வைத்தால் ‘ஸ்ஸ்’ என்று சத்தமும் கேட்கும். சத்தம் கேட்கவில்லையென்றால் உங்கள் சோடா பழசு. கேக் கல்லாகிப் போனபின் தெரிந்துகொள்வதைவிடக் கிண்ணத்தில் தெரிந்துகொள்வது லாபம்.

முட்டை போல வலை பின்னும் சக்தி தயிருக்குக் குறைவு. தயிரின் புரதமும் மைதாவின் பசைத்தன்மையும் சேர்ந்துதான் சுவரைப் பிடிக்க வேண்டும். அதனால் மைதாவைச் சேர்த்தபின் மிக்ஸியில் ஓட்டுவதோ, பீட்டரால் பத்து நிமிடம் அடிப்பதோ கூடாது. மைதாவை அடிக்க அடிக்கப் பரோட்டா மாவு மாதிரி இழுவை வரும். பரோட்டாவுக்கு அது நல்லது, கேக்குக்கு ஆகாது. கட்டி இல்லாமல் கலந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள்.

நான் செய்யும் அளவு இது. ஒரு கப் கெட்டித் தயிர், முக்கால் கப் சர்க்கரை இரண்டையும் கரையும்வரை கலக்க வேண்டும். அதில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் தயிர் நுரைத்து மேலே வரும். வந்ததும் அரை கப் வாசமில்லாத எண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். பிறகு ஒன்றரைக் கப் சலித்த மைதாவை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து, உடனே டின்னில் ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். ‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். குமிழி நமக்காகக் காத்திருக்காது. மாவைக் கலந்து வைத்துவிட்டு, பால்காரரிடம் கணக்குப் பேசிவிட்டு வந்து ஊற்றினால், பாதி வாயு பறந்திருக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான குக்கரில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே வளையம் வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடேற்றிச் செய்யலாம். சிறு தீயில் முக்கால் மணி நேரம் வரை ஆகும். மேலே நிறம் ஏறாது, அவ்வளவுதான் குறை.

வேறு ஏதாவது கேக்கிலோ மஃபினிலோ ஒரு முட்டைக்குப் பதில் தயிர் என்றால், கால் கப் தயிர் போதும். நீர்த்த தயிராக இருந்தால் துணியில் அரை மணி கட்டித் தொங்கவிட்டு எடுங்கள். மிகவும் புளித்தது வேண்டாம். மோர்க்குழம்பு வாசம் கேக்கில் எட்டிப் பார்க்கும்.

வழவழப்பு: ஆளி விதை

வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் ஒட்டும் நூலும், ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பும் ஒரே குடும்பம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பசை அது. இட்லி மாவு பொங்குவதில்கூட இந்தக் கதைதான். உளுந்தின் பசை, புளிக்கும்போது கிளம்பும் வாயுவை ஓட விடாமல் பிடிப்பதால்தான் இட்லி பஞ்சாகிறது. உளுந்தைக் குறைத்து ஒருநாள் அரைத்துப் பாருங்கள், தெரியும்.

கேக், பிஸ்கட் வேலைக்கு இந்தக் குடும்பத்தில் வாகானது ஆளி விதை. ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விட்டால், வெள்ளைக் கரு போலவே இழுக்கும் வழவழப்பு வரும். அது ஒரு முட்டைக்குச் சமம். முழு விதையை ஊறப்போட்டால் இந்தப் பதம் வராது. சின்ன ஜாரில் பொடித்துத்தான் போட வேண்டும். பொடித்ததை மாதக்கணக்கில் டப்பாவில் வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும். விதையாக வாங்கி வைத்து, வேண்டும்போது பொடித்துக்கொள்வது உத்தமம்.

இதன் அருமை ராகி பிஸ்கட்டில் தெரியும். கோதுமையில் இருக்கும் இழுவைப் பசை ராகியில் கிடையாது, அதனால் வெந்ததும் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். ஒரு கப் ராகி மாவு, அரை கப் கோதுமை மாவு, அரை கப் வெண்ணெய், முக்கால் கப் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, மேலே சொன்ன ஆளி விதைக் கலவை ஒரு பங்கு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் எல்லாம் பிசைந்து, தட்டி, 175 டிகிரியில் பதினைந்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியதும் இறுகும். அதே அளவில் ஆளி விதை இல்லாமல் ஒரு தடவை செய்தேன். டப்பாவில் போட்டுக் கொடுத்தது, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சத்துமாவாகிவிட்டது.

ஆளி விதை ஒட்டும், ஈரம் பிடிக்கும். தானாக உப்ப வைக்காது. லேசான கொட்டை வாசமும் பழுப்புப் புள்ளியும் இருக்கும், அதனால் வெள்ளைக் கேக்குக்கு வேண்டாம். சியா விதையும் இதே கணக்குத்தான். ஆனால் கடையில் சியா கேட்டு சப்ஜாவோடு வந்து நிற்பவர்கள் நிறைய. சப்ஜா ஃபலூடாவுக்கும் சர்பத்துக்கும். ஊறினால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் தனித்தனிக் கண்ணாடி உருண்டையாக நிற்கும், கேக்கில் போட்டால் பல்லில்தான் மாட்டும்.

வாழைப்பழத்தைக் குறை சொல்லவில்லை

என் நாலு முட்டைக் கேக்கைக் கெடுத்தது நான்தான், பழம் இல்லை. ஒரு முட்டைக்கு அரைப் பழம், அதாவது பிசைந்தால் கால் கப் என்ற கணக்கு மஃபினிலும் பான்கேக்கிலும் கோதுமை மாவுக் கேக்கிலும் நன்றாகவே நடக்கும். பழம் தருவது ஈரம், இனிப்பு, கொஞ்சம் ஒட்டும் தன்மை. உப்புவதற்குச் சோடாவோ பேக்கிங் பவுடரோ கூடவே இருந்தாக வேண்டும்.

எந்தப் பழம் என்பது பெரிய விஷயம். செய்முறைகளில் ‘ஒரு வாழைப்பழம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சத்தியமங்கலம், கோபி பக்கம் தார் தாராய்ப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்ன கணக்கு? ஒரு நேந்திரம் பழத்தின் எடைக்கு மூன்று பூவன் பழம் வைக்க வேண்டியிருக்கும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கப்பால் அளந்துகொள்ளுங்கள். நேந்திரத்தில் மாவுத்தன்மை அதிகம், கேக் கனத்துவிடும். பூவனில் இருக்கும் லேசான புளிப்பு ஆப்ப சோடாவுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். எனக்கு அதுதான் இஷ்டம். மோரிஸ் பழம் தோலில் கரும்புள்ளி விழும்வரை கனிந்தால் நல்லது. எதைப் போட்டாலும் வாழைப்பழ வாசம் போகாது. சாக்லேட் கேக்கில் ஒளிந்துகொள்ளும், வெனிலாவில் காட்டிக்கொடுத்துவிடும்.

சுண்டல் தண்ணீர்

எல்லா மாற்றுகளிலும் என்னை அசத்தியது இதுதான். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை வெள்ளைக் கரு மாதிரியே நுரைக்க அடிக்கலாம் என்று 2014-ல் பிரான்ஸ் நாட்டு ஜோயல் ரோசெல் கண்டு சொன்னார். மறு வருடம் அமெரிக்காவின் கூஸ் வோல்ட் அதற்கு ‘அக்வாஃபாபா’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் அக்வா என்றால் தண்ணீர், ஃபாபா என்றால் அவரை வகை. பெரிய பெயராகத் தெரிகிறதே என்று பார்த்தால், நம் ஊரில் சொல்லும் ‘பருப்புத் தண்ணி’தான்!

பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை கட்டுவதை நாம் தினம் பார்க்கிறோம். அரிசிம்பருப்பு வைக்கும் அன்றைக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பெல்லாம் வழியும். அந்த நுரைக்குக் காரணமான புரதமும், சோப்பு போல நுரைக்கும் சப்போனின்களும் வேகும்போது தண்ணீரில் இறங்குகின்றன. நாம் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கொட்டினோம், அவர்கள் அடித்துப் பார்த்தார்கள்.

செய்வது இப்படி. வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கும் அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பில்லாமல் குழையக் குக்கரில் வேகவிடுங்கள். கடலையை அதே தண்ணீரில் ஓர் இரவு ஃபிரிட்ஜில் விட்டால் தண்ணீர் கெட்டிப்படும். விரலில் தொட்டால் வெள்ளைக் கரு போல வழுக்க வேண்டும்; தண்ணியாக இருந்தால் வடித்து அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் ஒரு வெள்ளைக் கருவுக்கு, மூன்று டேபிள்ஸ்பூன் ஒரு முழு முட்டைக்கு. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு இருந்தாலும் நுரை எழும்பாது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரால் பத்து நிமிடம் அடித்து, சர்க்கரைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத வெண்ணுரை.

முதன்முதலாக நான் இதைச் செய்தபோது அமுச்சி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “கொள்ளு வேக வெச்ச தண்ணில நாங்க ரசம் வெப்போம். சுண்டத் தண்ணிய இப்புடி அடிக்கோணும்னு யாரு கண்டா?” என்றார். ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு, இன்னொரு விரலையும் விட்டார். கடலை வாசம் வருகிறதா என்று கேட்டேன். “வாசம் என்ன வாசம், பஞ்சு முட்டாயாட்ட இருக்குது” என்றார்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வெள்ளைக் கரு நுரை சூட்டில் இறுகி நிற்கும் என்று பார்த்தோம். கடலைத் தண்ணீர் நுரையில் அந்த வலை இல்லை, சர்க்கரைதான் காய்ந்து அதைத் தாங்குகிறது. அதனால் 100 டிகிரி அளவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் காயவைக்கும் மெரிங்க் முத்துகளுக்கு, அதாவது நுரையும் சர்க்கரையும் சேர்ந்த மொறுமொறு மிட்டாய்க்கு, அருமை. தூத்துக்குடி மக்ரூனை இப்படிச் செய்யும் ஆசை எனக்கும் வந்தது. முந்திரித் தூள் சேர்ந்ததும் அதன் எண்ணெய் நுரையைப் படுக்கவைத்துவிட்டது. இரண்டு தடவை தோற்றிருக்கிறேன், மூன்றாவது இன்னும் செய்யவில்லை. வெள்ளைக் கருவை மட்டுமே நம்பி எழும்பும் உயரமான கேக்குகளுக்கும் இதை நம்பாதீர்கள்.

காரப் பக்கம்

கட்லெட்டை முட்டையில் முக்கி ரஸ்க் தூளில் புரட்டுவார்கள். அங்கே முட்டைக்குத் தூளை ஒட்டவைக்கும் வேலை மட்டும்தான். இரண்டு ஸ்பூன் மைதாவையோ சோள மாவையோ தோசை மாவுப் பதத்தில் கரைத்தால் முடிந்தது. உருண்டை உதிராமல் இருக்கப் பொட்டுக்கடலை மாவு போதும். கோலா உருண்டைக்குக் காலங்காலமாக அதைத்தானே போடுகிறோம்? ஆம்லெட் ஆசைக்கு, ஹோட்டல்களில் ‘தக்காளி ஆம்லெட்’ என்று தருவது கடலை மாவு, தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய்தான். பன்னீரை உதிர்த்து, ஈரோட்டு மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டு வதக்கினால் முட்டைப் பொரியலின் நிறமும் பதமும் வந்துவிடும். முட்டை வாசமும் வேண்டுமா? கருப்பு உப்பு என்று கேட்டு வாங்குங்கள். சாட் மசாலாவில் போடும் காலா நமக். அதிலிருக்கும் கந்தகம்தான் அவித்த முட்டை வாடையைத் தருகிறது. இறக்கும்போது தூவுங்கள், கொதித்தால் வாசம் பறந்துவிடும். இந்துப்பு வேறு, அதில் இந்த வாடை வராது.

கலக்கிக்கு மட்டும் மாற்றுக் கேட்காதீர்கள். பரோட்டா கடையில் குழம்பு விட்டு அடித்து, கல்லில் ஊற்றி, பாதி வெந்ததும் சுருட்டி எடுக்கும் அந்த வழுவழுப்பு முழுக்க முழுக்க முட்டைப் புரதம் அரைகுறையாக இறுகியது. கடலை மாவில் அரைகுறையாக வெந்தால் அது பச்சை மாவு. புரட்டாசி முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மயோனைஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், வெயிலில் வைத்தால் பெருகும் என்பது காரணம். வீட்டில் முட்டையே இல்லாமல் செய்வது ஐந்து நிமிட வேலை. கால் கப் குளிர்ந்த பால், அரை கப்பிலிருந்து முக்கால் கப் எண்ணெய், கால் டீஸ்பூன் கடுகுத் தூள், உப்பு எல்லாவற்றையும் ஒடுக்கமான ஜாரில் விட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடித்தால், பால் புரதம் லெசித்தினின் தரகு வேலையைப் பார்க்கும். கடுகும் அதற்குத் துணை. கெட்டியானபின் எலுமிச்சைச் சாறு. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

பன்னுக்கு மேலே பளபளப்பு வேண்டுமென்றால் பாலில் ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை கரைத்துத் தடவலாம். முட்டை தடவியது போலக் கண்ணாடியாக மின்னாது, நிறம் வரும்.

சத்துக் கணக்கு வேறு

வேலைக்கு மாற்று என்றால் சத்துக்கும் மாற்று என்று ஆகாது. நம் ஊர் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். கேக்கிலும் அதே இடமாற்றம் நடக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 1 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதையிலும் ஒன்றரை கிராமுக்குள்தான். கேக் தின்று புரதம் சேர்ப்பவர் யாருமில்லை என்பதால் கவலை வேண்டாம். தினசரி முட்டையை நிறுத்துகிறவர்கள் மட்டும் பருப்பு, பயறு, பால் பக்கம் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

விரதத்துக்காக அல்லாமல் ஒவ்வாமைக்காக முட்டையைத் தவிர்க்கிறவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பேக்கரியில் ‘எக்லெஸ்’ என்று எழுதியிருந்தாலும், அதே பீட்டர், அதே டின், அதே கத்திதானா என்று கேட்டுவிடுங்கள். பாக்கெட்டில் வருவதில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்தாலே முக்கோணம்தான் போட வேண்டும். பழைய பாக்கெட்டுகளில் அது பழுப்பு வட்டமாக இருந்தது.

போன புரட்டாசியில் பிறந்தநாளுக்குத் தயிர்க் கேக்தான். நன்றாக எழும்பி, நடுவில் மட்டும் ஒரு கோடு வெடித்திருந்தது. அதன்மேல் தேங்காய்த் துருவல் தூவி மறைத்துவிட்டேன். அமுச்சி இரண்டு துண்டு சாப்பிட்டார். முட்டையில்லாத கேக் சீக்கிரம் வறண்டுவிடும், மூன்றாம் நாள் விளிம்பெல்லாம் உதிர ஆரம்பித்தது. மிச்சத்தைக் கனமாக வெட்டி, தோசைக்கல்லில் ஊத்துக்குளி வெண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டிக் கொடுத்தேன். புதிதாகச் சுட்ட அன்றைக்கு இருந்ததைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று வீட்டில் ஒருமுகமாகத் தீர்ப்பாகிவிட்டது.